வாடகைக்கு விட ஒரு வீடு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்கிறார்கள். அதனால் இந்த வாரம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் கணவர் ஓய்வுபெற்றபோது வந்த பணமும் சேமிப்பும் சேர்த்து 60 லட்சம் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஒரு பழைய ஃபிளாட் 52 லட்சத்துக்கு வருகிறது. மாதம் 18,000 வாடகை நிச்சயம், மெட்ரோவும் வந்துவிட்டது, விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார் புரோக்கர். நாங்கள் இருப்பது மர்ஃபி டவுனில். வாங்கலாமா?

பதில்: அம்மா, புரோக்கர் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். மாதம் 18,000 என்றால் வருடத்துக்கு 2,16,000. 52 லட்சத்துக்கு அது நான்கு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடு 52 லட்சத்தோடு உங்கள் கைக்கு வராது. கர்நாடகத்தில் இந்த விலைக்கு முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம். அதன்மேல் செஸ், சர்சார்ஜ் எல்லாம் சேர்ந்து 5.6 ஆகிறது. பதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாக்கிவிட்டார்கள். ஆக 7.6 சதவீதம், ஏறக்குறைய நான்கு லட்சம். புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயின்ட், சில்லறை ரிப்பேர் என்று இன்னொரு லட்சம் வையுங்கள். 57 லட்சம் ஆயிற்று.

இப்போது வரவைப் பாருங்கள். ஒரு குடும்பம் காலி செய்து அடுத்த குடும்பம் வருவதற்குள் வீடு சும்மா கிடக்கும். வருடத்துக்குப் பதினொரு மாத வாடகைதான் என்று எண்ணிக்கொள்வது நல்லது. சொத்து வரி, மோட்டார், குழாய், பாத்ரூம் ஒழுகல் என்று 20,000 கழித்தால் நிற்பது 1,78,000. போட்ட பணத்துக்கு மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது. வங்கி வைப்பு ஏறக்குறைய இதன் இரண்டு மடங்கு தரும்.

அப்படியானால் விலை ஏறினால்தான் உங்களுக்கு லாபம். எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகும் மெட்ரோவின் மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 2025 ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதன் பலனை விற்பவர் 52 லட்சத்துக்குள் ஏற்கெனவே சேர்த்துத்தான் கேட்கிறார். வரப்போகிற ஏற்றத்தை நம்பி, ஓய்வுக்காலப் பணம் முழுவதையும் ஒரே ஃபிளாட்டில் போடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அங்கே குழாய் ஒழுகினால் போய்ப் பார்ப்பது யார்? அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் ஒரு முறையும் ஆர்.வி. ரோட்டில் ஒரு முறையும் மாறிப் போக வேண்டும். சின்ன முதலீட்டாளருக்கு வீடு கால் நடக்கும் தூரத்தில் இருப்பதே பாதி லாபம். மர்ஃபி டவுனில் உங்களுக்குச் சொந்த வீடு இருந்து, மேலே ஒரு மாடி எடுக்க அஸ்திவாரமும் மாநகராட்சி அனுமதியும் இடம் கொடுத்தால் முதலில் அந்தக் கணக்கைப் போடுங்கள். நிலத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம், கட்டுமானச் செலவு மட்டும்தான். அதனால் போட்ட பணத்துக்கு வாடகை இதைவிட நன்றாக நிற்கும். இந்த ஊரில் இரண்டு வாடகை, மூன்று வாடகை வாங்கி நிம்மதியாக இருக்கும் நம் ஆட்களில் பலர் இப்படி மாடி எடுத்து வந்தவர்கள்தான். ஆனால் அனுமதி இல்லாத மாடி மட்டும் வேண்டவே வேண்டாம். கட்டி முடித்ததற்கான சான்று இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு தரக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் மீறி அந்த ஃபிளாட்டையே வாங்குவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிற நீங்கள்தான் ஒரு சதவீதத்தை டி.டி.எஸ். ஆக, அதாவது விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்தே வரியாகப் பிடித்து வருமான வரித் துறையில் கட்ட வேண்டும். உங்களுக்கு அது 52,000 ரூபாய். முழுப் பணத்தையும் விற்றவரிடம் கொடுத்துவிட்டால் பிறகு நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கேள்வி: ராமமூர்த்தி நகரில் ஒருவர் எட்டு வீடு கட்டி விற்கிறார். வீடு கட்டி விற்பவர்களைக் கண்காணிக்கும் ரெரா ஆணையத்தில் பதிவு தேவையில்லை என்கிறார். பி காத்தாதான், சீக்கிரம் ஏ காத்தா ஆகிவிடும் என்றும் சொல்கிறார். விலை மற்ற இடத்தைவிடக் குறைவு. நம்பலாமா?

பதில்: ரெரா பற்றி அவர் சொல்வது பொய் இல்லை. நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, மொத்தம் எட்டு வீட்டுக்கு மேல் போகாவிட்டாலோ பதிவு வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. நீங்கள் யோசிக்க வேண்டியது, அப்படியானால் உங்களுக்குக் காவல் யார் என்பதைத்தான். நாளைக்குச் சுவர் விரிசல் விட்டால் ரெராவில் போய் நிற்க முடியாது. நுகர்வோர் ஆணையமும் சிவில் கோர்ட்டும்தான் வழி. ஆகவே பத்திரங்களை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும்.

காத்தா என்பது மாநகராட்சி வைத்திருக்கும் வரிக் கணக்கு. அதில் பெயர் இருப்பதனால் மட்டும் சொத்து உங்களுடையது ஆகிவிடாது. அனுமதிகள் ஒழுங்காக உள்ள சொத்துக்குத் தரும் ஏ காத்தாவுக்கும், குறை உள்ளதற்குத் தரும் பி காத்தாவுக்கும் இது பொருந்தும். சொத்தை நிலைநாட்டுவது தாய்ப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக வரும் கிரயப் பத்திரங்கள். முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுங்கள். இடையில் எங்காவது பவர் பத்திரத்தை வைத்தே கை மாறியிருந்தால் நின்றுவிடுங்கள். பவர் பத்திரம் விற்பனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. இப்போது காத்தாவின் மின்னணு வடிவமான இ-காத்தா இல்லாமல் பெங்களூருவில் பத்திரம் பதியவும் முடியாது. அதையும் முன்கூட்டியே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

“ஆகிவிடும்” என்கிற சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். ஏ காத்தா ஆனதும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அதற்கு அவர் தயங்கினால் அந்தத் தயக்கமே பதில். வக்கீல் உங்கள் ஆளாக இருக்க வேண்டும், விற்பவர் காட்டிய ஆளாக இருக்கக்கூடாது. விலை குறைவாக இருப்பதன் காரணமும் அங்கேதான் இருக்கிறது: பி காத்தா வீட்டுக்குப் பல வங்கிகள் கடன் தருவதில்லை. அதனால் நாளைக்கு உங்களிடமிருந்து வாங்க வருகிறவர்களும் குறைவு.

கேள்வி: எஜிபுராவில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. ஒரு கம்பெனி வந்து, “சார், ஆள் பிடிப்பது, ரிப்பேர் எல்லாம் எங்கள் பொறுப்பு. வீடு காலியாக இருந்தாலும் மாதம் 24,000 உங்கள் கணக்கில் வரும்” என்கிறது. வயதாகிவிட்டது, நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றுகிறது.

பதில்: ஐயா, தயவுசெய்து அவசரப்படாதீர்கள். இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் என் அக்கா வீட்டுக்கும் ஓர் ஆள் வந்தார். பத்து மாதம் ஒழுங்காகப் பணம் வந்தது. பதினொன்றாவது மாதம் நின்றது. போன் எடுக்கவில்லை, ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. அக்கா நேராக வீட்டுக்குப் போனால், குடியிருந்த பையன், “எதற்கு வாடகை? நான் 12 லட்சம் போக்கியம் கொடுத்தல்லவா வந்திருக்கிறேன்?” என்று ஒரு பத்திரத்தைக் காட்டுகிறான். கல்யாணத்துக்குச் சேர்த்த பணமாம். நடுவில் இருந்தவர் அந்தப் பன்னிரண்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே மாதாமாதம் அக்காவுக்கு வாடகை என்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை, அக்கா மேலும் இல்லை. ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றது அவர்கள் இருவரும்தான். வீடு கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

வீட்டை நிர்வகிக்க ஆள் வைப்பதில் தவறில்லை. ஆனால் ஒப்பந்தம் உங்களுக்கும் குடியிருப்பவருக்கும் நேரடியாக இருக்க வேண்டும். அட்வான்ஸும் வாடகையும் அவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வர வேண்டும். நடுவில் உள்ளவருக்கு நீங்கள் கூலி கொடுங்கள். அவர் கையால் உங்களுக்குப் பணம் வரக்கூடாது. உள்வாடகைக்கோ போக்கியத்துக்கோ விடும் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். குடிவருபவரை ஒருமுறை நேரில் பார்த்து, ஒரு காபி கொடுத்துப் பேசுங்கள். அதற்கு அரை மணி நேரம் போதும்.

நீங்களே போக்கியத்துக்கு விட்டால் என்ன என்றும் தோன்றலாம். மொத்தமாக வரும் பணத்தை எடுத்து வேறு கடனை அடைத்துவிட்டு, மூன்று வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க முடியாமல் திண்டாடுகிறவர்கள் நிறைய. அந்தப் பணம் அப்படியே இருக்கும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: கம்மனஹள்ளியில் இரண்டு சின்ன வீடுகள் வைத்திருக்கிறேன். யாரிடம் ஆலோசனை கேட்பது என்றே தெரியவில்லை. பெரிய முதலீட்டாளர்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. இரண்டு வீடு வைத்திருப்பவருக்கு வேண்டிய ஆட்கள் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஆறு பேர் இருக்கிறோம். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, ஒருவர் தையல் கடைக்காரர், ஒருவர் வங்கியில் வேலை பார்க்கிறவர். எல்லோருக்கும் ஒன்றோ இரண்டோ வீடு. மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ஒருவர் வீட்டில் காபி. என் வீடு காலியாகிறது, உங்களுக்குத் தெரிந்த குடும்பம் உண்டா? போர்வெல் மோட்டார் கட்டுகிறவர் யார்? அட்வான்ஸ் எவ்வளவு கேட்கிறீர்கள்? பேச்சு இவ்வளவுதான். ஆனால் இதனால் புரோக்கருக்குப் போகும் ஒரு மாத வாடகை பல தடவை மிஞ்சியிருக்கிறது. 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து ஒரே டேங்கர்காரரிடம் பேசினோம். தனியாகப் போனவர்களுக்குச் சொன்ன விலையை எங்களிடம் அவர் சொல்லவில்லை.

நீங்களும் தெருவிலிருந்தே ஆரம்பியுங்கள். எந்த வீடு எப்போது காலியாகிறது என்பது புரோக்கருக்கு முன்னால் இஸ்திரி போடுகிறவருக்குத் தெரியும். மளிகைக்கடைக்காரருக்குக் கடன் சொல்லாமல் வாங்கும் குடும்பம் எது என்று தெரியும். பிளம்பர், எலக்ட்ரீஷியன் இருவரையும் வேலை இல்லாத நாளிலும் நலம் விசாரித்து வையுங்கள். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கத்துக்குப் போகிற பழக்கம் இருந்தால், அங்கே வருகிறவர்களிலும் வீட்டுக்காரர்கள் நிறைய. ஃபிளாட் என்றால் அந்தக் கட்டட உரிமையாளர் சங்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். மெயின்டனன்ஸ் உயர்வு, தண்ணீர் மீட்டர் எல்லாம் முடிவாவது அங்கேதான். கன்னடம் பேசும் அண்டை வீட்டுக்காரர் ஒருவராவது உங்கள் வட்டத்தில் இருக்கட்டும். மாநகராட்சி நோட்டீஸ் கன்னடத்தில் வரும். அதைவிட முக்கியம், அவர் இந்த ஊர் நிலவரத்தை மூன்று தலைமுறையாக அறிந்தவர்.

ஒரு எல்லை மட்டும் வேண்டும். குடியிருப்பவரின் ஆதார் நகல், சம்பள விவரம் இவற்றைக் குழுவில் போடாதீர்கள். “இவருக்கு வீடு தராதீர்கள்” என்று பட்டியல் போடும் வேலையும் வேண்டாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதற்காகவே கெட்ட பெயர் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அட்வான்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து மாத அட்வான்ஸ் இந்த ஊரின் பழைய வழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறவர்கள் நிறைய. எவ்வளவு வாங்கினாலும் தனி வைப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். அது உங்கள் பணம் இல்லை. காலி செய்யும்போது பெயின்டுக்கு ஒரு மாத வாடகை பிடிக்கிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பிடிப்பதாக இருந்தால் முன்பே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சாவி கொடுக்கும் நாளில் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் இருவரும் சேர்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 15 லட்சம் போட்டு ஒரு கட்டடம் வாங்குகிறோம். பத்திரம் ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் போதும் என்கிறார்கள். சரியா?

பதில்: சரியில்லை. ஐந்து பெயரும், யாருக்கு எத்தனை பங்கு என்பதும் கிரயப் பத்திரத்திலேயே வர வேண்டும். ஒருவர் விலக நினைத்தால் அவர் பங்கை எப்படி விலை போட்டு யார் வாங்குவது என்பதைப் பணம் போடும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நட்பு உடைவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

கேள்வி: வாடகை முழுவதற்கும் வரி கட்ட வேண்டுமா?

பதில்: இல்லை. வருட வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழியுங்கள். மீதியில் 30 சதவீதத்தை, ரசீது எதுவும் காட்டாமலே, பராமரிப்புக்கென்று கழிக்கலாம். கடனில் வாங்கியிருந்தால் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள், வட்டி அதிகமாகி வீட்டுக் கணக்கில் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வரி மிச்சமாகும் என்பதற்காகவே கடன் வாங்கச் சொல்கிறவர்களிடம் இதை முதலில் கேளுங்கள்.