பின்சீட்டுல ஆளோட காட்டு மண் ரோடு: கேள்வி பதில்

கல்வராயன் மலை, ஜவ்வாது மலை பக்கம் ஜோடியா பைக்ல போறதைப் பத்தி வந்த கேள்விகளுக்கு இங்க பதில் சொல்றேன். வில்லியனூர்ல டூவீலர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். மலைக்குப் போனா பின்சீட்டுல வீட்டுக்காரம்மா இருப்பாங்க, அதனால பதில்ல பாதி அவங்களோடது.

லாஸ்பேட்டை: அண்ணா, என்கிட்ட இருக்கறது ஸ்பிளெண்டர். மனைவியோட கல்வராயன் மலையில இருக்கற வெள்ளிமலைக்குப் போகலாமா, இல்ல பெரிய வண்டி வாங்கணுமா?

தாராளமா போங்க தம்பி. கோமுகி அணை தாண்டி மேல ஏறுற மலைப்பாதை தார் ரோடுதான். கிராமங்களுக்குப் பிரியற கிளைப் பாதையிலதான் மண்ணும் ஜல்லியும். அங்க இன்ஜின் பிரச்சனை பண்ணாது, வண்டியோட அடிவயிறுதான் பண்ணும். ஸ்பிளெண்டர் பிளஸ்ஸுக்கு அடிவயிறு தரையில இருந்து 165 மி.மீ. உயரம், மண் ரோட்டுக்குன்னே வர்ற ஹீரோ எக்ஸ்பல்ஸுக்கு 220 மி.மீ. பின்னாடி ஒருத்தர் ஏறினதும் ரெண்டுலயுமே அது குறையும். சைலன்சரும் மெயின் ஸ்டாண்டும் கல்லுல தட்டறது அதனாலதான். கிளம்பறதுக்கு முன்னாடி பின் ஷாக் அப்சர்பரை ரெண்டு படி இறுக்கச் சொல்லுங்க. ஆள் உட்கார்ந்த நிலையில செயின் தொய்வையும் பாருங்க.

பெரிய வண்டி ஆசை இருந்தா ஒண்ணு யோசிங்க. ராயல் என்ஃபீல்டு இமாலயன் வண்டி கிட்டத்தட்ட 200 கிலோ. சேத்துல படுத்துச்சுன்னா நீங்களும் உங்க மனைவியும்தான் தூக்கணும்.

பண்ருட்டி: மண் ரோட்டுக்குக் காத்தைக் குறைக்கணும்னு சொல்றாங்களே, எவ்வளவு?

தனியா போறவங்களுக்கான பேச்சு அது. செயின் கவர்லயோ ஸ்விங் ஆர்ம்லயோ ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல தனி ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னு பின் சக்கரத்துக்கு ரெண்டு அளவு போட்டிருக்கும். ரெண்டாவதை வைங்க. காத்தும் குறைவு, பின்னாடி பாரமும் அதிகம்னா கூர்க்கல்லுல இறங்கும்போது ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவுல நசுங்கி, பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும்.

ஸ்போக் சக்கரம்னா பெரும்பாலும் ட்யூப்தான். அதுக்கு ட்யூப்லெஸ் டயர் ஓட்டையில சொருகற பஞ்சர் ஸ்ட்ரிப்பை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. ஒரு ட்யூப், ரெண்டு டயர் லீவர், கைப்பம்பு மூணும் பையில இருக்கணும். கழட்டி மாட்டறதை வீட்டு வாசல்லயே ஒரு தடவை பண்ணிப் பாத்துடுங்க.

முதலியார்பேட்டை: பின்னாடி உட்கார்றவ நான். எதைப் பிடிக்கறது, அவர் இடுப்பா, பின் கம்பியா?

நீங்க கேட்டதுதான் நல்ல கேள்விம்மா. இதை வீட்டுல கேட்டே எழுதறேன்.

ஏத்தத்துல ரெண்டு கையும் பின் கம்பியில இருந்தா உடம்பு பின்னாடி போகும், முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும். அதனால ஒரு கை இடுப்புல, ஒரு கை கம்பியில. முழங்காலால அவரை லேசா அணைச்சுக்கணும். இறக்கத்துல கையை முன்னால நீட்டி பெட்ரோல் டேங்க்ல உள்ளங்கையை ஊன்றிக்குங்க. எட்டலன்னா பின் கம்பியை நல்லா பிடிங்க. இல்லன்னா பிரேக் போடற ஒவ்வொரு தடவையும் உங்க எடை அவர் மணிக்கட்டுக்குப் போகும், அரை மணி நேரத்துல கை மரத்துடும்.

அவர் தோளுக்கு மேல ரோட்டைப் பாருங்க. பள்ளம் வருதுன்னா ஃபுட்ரெஸ்ட்டை அழுத்தி ஒரு இன்ச் எழும்பினா போதும், முதுகு தப்பிக்கும். வண்டி வழுக்குதுன்னு காலை மட்டும் கீழ விடாதீங்க, கணுக்கால் வண்டிக்கு அடியில போயிடும்.

எங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு ஏற்பாடு. தொடையில ஒரு தட்டுன்னா மெதுவா, ரெண்டு தட்டுன்னா நிறுத்து. ரெண்டாவதுக்கு 'ஏன்'னு கேக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்குள்ள கத்திப் பேசிச் சண்டை போடறதைவிட இது தேவலாம்.

ஒரு பக்கமா உட்கார்றது மண் ரோட்டுல கூடவே கூடாது. துப்பட்டா, முந்தானையை இறுக்கிச் சொருகிடுங்க. அழகுக்குன்னு, பின் சக்கரத்துல துணி சிக்காம தடுக்கற சேலை கார்டைக் கழட்டச் சொல்லி என் கடைக்கு வர்ற பசங்களைத் திருப்பி அனுப்பிடுவேன். பின் சக்கரத்துல பாதியாவது மறையணும்னு மோட்டார் வாகன விதியே இருக்கு.

நெல்லிக்குப்பம்: இறக்கத்துல ஜல்லி. முன் பிரேக் பிடிச்சா வழுக்குது, பின் பிரேக் பிடிச்சா இழுத்துட்டுப் போகுது.

முதல் கியர், இல்ல ரெண்டாவது. கிளட்சை விட்டுடுங்க, பாதி வேலையை இன்ஜினே பாத்துக்கும். ஆள் இருக்கறதால பின் சக்கரத்துல பாரம் கூடியிருக்கும், தனியா போறதைவிட பின் பிரேக் நல்லாவே பிடிக்கும். அதை மெதுவா அழுத்தி அழுத்தி விடுங்க. முன் பிரேக் நேரா போகும்போது ரெண்டு விரலால மட்டும், வளைவுல தொடாதீங்க. அப்பவும் பயமா இருந்தா அவங்களை இறக்கி நடக்கச் சொல்லுங்க. அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

பாகூர்: ஓடை குறுக்க வந்தா?

பின்னாடி இருக்கறவங்க இறங்கிடணும். தண்ணி கலங்கி வேகமா ஓடினாலோ, அடி தெரியலன்னாலோ திரும்பிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிக்கும், மேல மலையில கொட்டிட்டிருக்கும். கடந்து போனதும் பிரேக்கை நாலு தடவை லேசா பிடிச்சு ஈரத்தை எடுத்துட்டு அப்புறம் ஏறச் சொல்லுங்க.

குறிஞ்சிப்பாடி: சார், மனைவியோட மூணு வயசுப் பையனையும் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம் சார். நாலு வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்குப் பாதுகாப்பு பெல்ட்டும் 40 கி.மீ. வேக வரம்பும் 2022ல வந்த விதியிலயே இருக்கு. ஜல்லி ரோட்டுல பெல்ட் ஒண்ணும் செய்யாது. கள்ளக்குறிச்சியில இருந்து பஸ் இருக்கு, பையனுக்கு ஜன்னல் சீட்டு கொடுங்க.

திண்டிவனம்: காட்டுக்குள்ள போற பாதைன்னா அனுமதி வேணுமா?

ஊருக்குப் போற பொதுப்பாதைன்னா போகலாம். 'காப்புக்காடு' பலகை இருக்கற பிரிவுல வண்டியை விடாதீங்க. வனச்சரக அலுவலகத்துல கேக்காம உள்ள போனா 1882ஆம் வருஷத்து தமிழ்நாடு வனச் சட்டப்படியே வழக்கு வரும். 2018 மார்ச்ல குரங்கணியில காட்டுத்தீ விபத்து நடந்ததுக்கு அப்புறம் கோடையில கெடுபிடி அதிகம், அது நியாயமும்தான். சூடான சைலன்சரோட காய்ஞ்ச புல்லு மேல வண்டியை நிறுத்தாதீங்க.

அரியாங்குப்பம்: மலைக்குப் போறதுக்கு முன்னாடி எங்க பழகறது?

பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புகளுக்கு நடுவுல ஊர்ப் பாதை செம்மண்ணா இருக்கும். தோப்புக்குள்ள இறங்கணும்னா சொந்தக்காரரைக் கேட்டுட்டு இறங்குங்க. ஆரோவில் பக்கமும் செம்மண் பாதைதான், ஆனா நடக்கறவங்களும் சைக்கிள்காரங்களும் நிறைய, புழுதி கிளப்பாதீங்க. அரிசி மூட்டையைக் கட்டிப் பழகலாமான்னு சிலர் கேக்கறாங்க. மூட்டை வளைவுல எதிர்ப்பக்கம் சாயாது, பயந்தும் பிடிக்காது. மலைக்கு வரப் போற ஆளையே உட்கார வச்சுப் பழகுங்க.

கடலூர் முதுநகர்: ராத்திரி இறங்கலாமா?

வேண்டாம். சாயங்காலம் அஞ்சுக்குள்ள தார் ரோட்டுக்கு வந்துடுங்க. இருட்டிட்டா முதல்ல ஹெட்லைட்டைப் பாருங்க. ஆள் இருந்தா வண்டியோட பின்பக்கம் தாழ்ந்து, வெளிச்சம் மரத்து மேல போயிடும், பள்ளம் தெரியாது. லைட்டைக் கீழ இறக்க ஒரு ஸ்க்ரூ இருக்கும். அது எங்க இருக்குன்னு வீட்டுலயே தேடி வச்சுக்கோங்க.