துத்தநாகம்: வெளியே காவல், உள்ளே தொல்லை

கேள்வி: மூளை செல்லுக்குள் கால்சியம் போவதைத் துத்தநாகம் தடுக்கும் என்கிறார்களே, எந்த இடத்தில்?

முக்கியமாக என்எம்டிஏ ஏற்பியில். நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து ஒட்டினால் திறந்துகொண்டு கால்சியத்தை உள்ளே விடும் வாசல் அது. ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப்பகுதி ஹிப்போகாம்பஸ். அதில் சில நியூரான்கள் (நரம்பு செல்கள்) குளூட்டமேட்டையும் துத்தநாகத்தையும் ஒரே பையில் வைத்திருக்கின்றன. பை திறந்தால் இரண்டும் ஒன்றாகக் கொட்டும். ஒன்று கதவைத் திறக்கும், மற்றது சாத்தப் பார்க்கும். துத்தநாகத்தின் இந்தத் தடை 1987-லேயே தெரிந்துவிட்டது.

கேள்வி: அப்படியென்றால் நல்லதுதானே?

வெளியே இருக்கும்வரை சரி. ஆனால் கால்சியத்துக்கென்று இருக்கும் கால்வாய்கள் வழியாகவே துத்தநாகமும் உள்ளே நுழைந்துவிடும். செல்லுக்குள் கட்டற்ற கால்சியம், வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த வித்தியாசத்தைக் காப்பவை, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துக் கால்சியத்தை வெளியே இறைக்கும் பம்புகள். துத்தநாகம் அவற்றையும் முடக்கக்கூடியது; செல்லின் மின்நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புகுந்து ஏடிபி உற்பத்தியிலும் கைவைக்கும். ரத்த ஓட்டம் தடைபட்ட மூளையில், சாகப்போகும் நியூரான்களுக்குள் துத்தநாகம் குவிவதை 1996-ல் எலிகளில் காட்டினார்கள்.

கேள்வி: நியூரான்களில் ஃபுரா-2 சாயம் ஏற்றி, துத்தநாகம் சேர்த்தேன். 340/380 விகிதம் (340, 380 நானோமீட்டர் ஒளியில் சாயம் ஒளிரும் அளவுகளின் விகிதம்) ஏறியது. கால்சியம் கூடியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

அவசரப்படாதீர்கள்! ஃபுரா-2 கால்சியத்துக்கான சாயம் என்று பெயர்தானே தவிர, துத்தநாகத்தை அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். விகிதமும் அதே திசையில்தான் ஏறும். அடுத்த முறை, ஏறியபின் கொஞ்சம் டிபிஇஎன் என்ற வேதிப்பொருளை விட்டுப் பாருங்கள். அது துத்தநாகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், கால்சியத்தை அவ்வளவாகத் தொடாது. கோடு சட்டென்று கீழே விழுந்தால் நீங்கள் பார்த்தது துத்தநாகம். இதைச் செய்யாமல் மூன்று வார வேலையைக் குப்பையில் போட்டவன் நான்.

விழவில்லையா? அப்புறம் ஜிபிஆர்39 பக்கம் பாருங்கள். வெளியிலுள்ள துத்தநாகத்தை உணரும் இந்த ஏற்பி, செல்லின் உள்சேமிப்பிலிருந்து கால்சியத்தை உண்மையிலேயே அவிழ்த்துவிடும். வெளிக்கரைசலில் கால்சியமே இல்லாமல் ஒருமுறை செய்தால் விஷயம் தெளிவாகும்: அப்போதும் ஏறினால் கால்சியம் உள்ளிருந்து வந்ததுதான்.

கேள்வி: ஞாபகசக்திக்கு ஜிங்க் மாத்திரை?

குறைபாடு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு, இல்லையென்றால் வேண்டாம். பெரியவர்களுக்கு மேல்வரம்பு நாளைக்கு 40 மில்லிகிராம். மாதக்கணக்கில் மிகையாகப் போனால் உடல் தாமிரத்தை உறிஞ்சுவது குறைந்து, தண்டுவடம் கெட்டு நடை தள்ளாடும். பல் செட் ஒட்டும் பசையில் இருந்த துத்தநாகத்தாலேயே இப்படி ஆனவர்கள் உண்டு.