செகண்ட் ஹேண்ட் கார் கேள்வி-பதில்: மீட்டர், வெள்ளம், என்.ஓ.சி., தெர்மோஸ்டாட்

கே: 2014 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல் பார்த்திருக்கிறோம். மீட்டரில் 68,000 கி.மீ. சிங்கிள் ஓனர் என்கிறார் புரோக்கர். மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றிக் குறைத்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: டீசல் காரை வாங்குகிறவர் நிறைய ஓட்டத்தான் வாங்குகிறார். பத்து வருடத்துக்கு மேல் ஆன டீசல் டிசையர் வருடத்துக்கு ஆறாயிரம், ஏழாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் அந்த மனிதர் ஏன் டீசல் எடுத்தார் என்ற கேள்வி வரும். அப்படியும் வண்டிகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியவர் விற்பவர்.

முதலில் சர்வீஸ் ஹிஸ்டரி. மாருதியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டி ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கிலோமீட்டரைப் பதிவு செய்வார்கள். ஓனரை உடன் அழைத்துப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள். 2017-ல் 50,000 என்று பதிவாகி, அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை என்றால் விஷயம் புரிந்துவிடும். பழைய டயர் பில், பேட்டரி வாரண்டி கார்டு இவற்றிலும் சில சமயம் கிலோமீட்டர் எழுதியிருக்கும்.

அடுத்து டயர். பக்கச் சுவரில் DOT (டி.ஓ.டி.) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள், டயர் தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். ஒரு செட் டயர் சுமார் நாற்பது, ஐம்பதாயிரம் கி.மீ. வரும். 68,000 ஓடிய வண்டி இரண்டாவது செட்டில் இருக்க வேண்டும். இப்போது இருப்பதற்கு முன் எத்தனை செட் மாற்றினீர்கள் என்று பேச்சுவாக்கில் ஓனரிடமே கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல.

பிறகு கால், கை படும் இடங்கள். கிளட்ச், பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் விளிம்பு, கியர் நாப், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம். இவை வழுவழுவென்று தேய்ந்திருந்தால் 68,000 இல்லை. எல்லாம் பழசாக இருந்து பெடல் ரப்பர் மட்டும் புதுசாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அது சொற்ப விலைக்குக் கிடைக்கும் பொருள். முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தை (வண்டி ஆறிய பிறகு) விரலால் தடவினால் தேய்மானத்தின் விளிம்பு தட்டுப்படும். ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். புதிய கார்கள் சிலவற்றில் வேறு கன்ட்ரோல் யூனிட்டுகளிலும் கிலோமீட்டர் பதிவாகும், அங்கே பிடிபடும். பழைய வண்டிகளில் அதை மட்டும் நம்ப முடியாது.

டிசையர் என்பதால் இன்னொன்று: டி போர்டில் டாக்ஸியாக ஓடிவிட்டு ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் பழைய பதிவைக் கேளுங்கள். அப்படிப்பட்ட வண்டியில் ‘சிங்கிள் ஓனர்’ என்பது பொய்யாகவும் இருக்காது, உபயோகமாகவும் இருக்காது.

எஞ்சினைக் காலையில், ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். போனதும் போனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இந்த 1.3 லிட்டர் எஞ்சின் ஃபியட் வடிவமைப்பு, டைமிங் பெல்ட் இல்லை, செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாத வண்டியில் செயின் தளர்ந்து, ஸ்டார்ட் ஆனதும் அந்தப் பக்கம் கடகடவென்று சத்தம் வரும். சூடான பிறகும் அடங்கவில்லை என்றால் செயின், டென்ஷனர், கைடு எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டும். விட்டுவைத்துச் செயின் பல் தாண்டினால் பிஸ்டனும் வால்வும் மோதி எஞ்சின் போய்விடும். எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் லேசாகக் காற்று வருவது சகஜம். குப்குப்பென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் (எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிவது), பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. சைலன்ஸரில் நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் கூலண்ட் உள்ளே போகிறதா என்று சோதியுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், வண்டி ஒன்றரை லட்சம் ஓடியதாகவே வைத்து விலை பேசுங்கள். அதற்கு ஓனர் ஒத்துவரவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள். டிசையருக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை.

கே: டெல்லி பதிவு டீசல் எஸ்.யூ.வி. இங்குள்ள விலையைவிட மிகவும் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ப: மலிவுக்குக் காரணம் வண்டியில் இருக்க வேண்டும் என்பதில்லை. டெல்லி வட்டாரத்தில் பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கும் பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்கும் எதிராகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் அங்கே பத்து வருடத்தை நெருங்கும் டீசல் வண்டிக்கு மதிப்பு இறங்கி, வண்டிகள் வெளியூர் கிளம்பின; 2025-ல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையை ஓரளவு தளர்த்தியது.

கணக்கு வாங்கும் விலையோடு முடியாது. அங்குள்ள ஆர்.டி.ஓ. தரும் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று, படிவம் 28) உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. பெயருக்கே இருக்க வேண்டும். இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியை மீண்டும் கட்ட வேண்டும்; வண்டியின் வயதுக்கேற்பக் குறையும் என்றாலும் பெரிய எஸ்.யூ.வி.க்கு அது சின்னத் தொகையாக இருக்காது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அந்த வண்டிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். டெல்லியில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்குரியதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் அது பழைய ஓனர் கைக்குப் போகும். பேரத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளிமாநில நம்பரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு.

சேஸிஸ் நம்பரை வண்டியில் குத்தியிருக்கும் இடத்திலேயே பார்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய சேவையில் தேடலாம். பதிவு பதினைந்து வருடத்தில் முடியும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வருட வண்டியை இவ்வளவு தூரம் கொண்டுவந்து வரியும் கட்டுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

கே: ஆர்.சி.யில் எச்.பி. (வண்டியின் பேரில் லோன் இருப்பதன் பதிவு) இருக்கிறது. முழுப் பணத்தையும் கொடுத்தால் லோனை அடைத்துவிட்டு என்.ஓ.சி. வாங்கித் தருவதாக ஓனர் சொல்கிறார்.

ப: அவரிடம் கொடுக்க வேண்டாம். பாக்கி எவ்வளவு என்ற கடிதத்தை வங்கியிலிருந்து வாங்கச் சொல்லி, அந்தத் தொகையை லோன் கணக்கிலேயே நேராகக் கட்டுங்கள். வங்கியின் என்.ஓ.சி.யும், எச்.பி.யை நீக்குவதற்கான, வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகு ஓனருக்கு மீதித் தொகை. என்.ஓ.சி.யில் காலாவதித் தேதி இருந்தால் அதற்குள் எச்.பி. கேன்சலுக்குப் போய்விடுங்கள்.

கே: சென்னை வண்டி. வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படித் தெரியும்?

ப: 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. டோட்டல் லாஸ் (முழுச் சேதம்) என்று இன்ஷூரன்ஸ் கைகழுவிய வண்டிகளைச் சால்வேஜில் (சேத வண்டி விற்பனையில்) எடுத்து, கழுவித் துடைத்து வெளியூரில் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

காகிதத்தில் ஒரு தடயம் உண்டு. பழைய பாலிசிகளைக் கேளுங்கள். 2023 வரை நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) 35, 45 சதவீதம் என்று ஏறிக்கொண்டே வந்து 2024 புதுப்பிப்பில் சுழியம் ஆகியிருந்தால், இடையில் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கிறது. எதற்கு என்று கேளுங்கள்.

வண்டியில்: சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். சுருளுக்குள் இருக்கும் பகுதியை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கறை அங்கே கோடாக நிற்கும். சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு, ஸ்டெப்னி குழியில் மணல், ஹெட்லைட்டுக்குள் நீர்மட்டக் கோடு, கார்பெட்டைத் தூக்கினால் அடிப் பஞ்சில் வாடை. ஃபியூஸ் பாக்ஸிலும் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களிலும் பச்சைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். பத்து நிமிடம் கண்ணாடிகளை ஏற்றி வைத்துவிட்டுத் திறந்து முகருங்கள். கார் பெர்ஃப்யூம் மூக்கைத் துளைத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் வேண்டுமென்றே துண்டித்திருக்கலாம். பல கார்களில் ஏர்பேக் மாட்யூல் நடுக் கன்சோலுக்கு அடியில், தரையோடு இருக்கிறது. முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தாலே அது நனையும். ஈரம் புகுந்த கப்ளர்கள் உடனே பழுதாவதில்லை. மாதக் கணக்கில் அரித்து, நீங்கள் வாங்கி ஓட்டத் தொடங்கிய பிறகு ஒவ்வொன்றாகக் கைவிடும். அதனால் ‘இப்போ எல்லாம் வேலை செய்யுதே’ என்ற வாதம் செல்லாது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வெள்ள வண்டி வேண்டாம்.

கே: காரை விற்று எட்டு மாதம் ஆகிறது. வாங்கியவர் பெயர் மாற்றவில்லை. அபராத ரசீது என் போனுக்கு வருகிறது.

ப: அபராதம் சின்ன விஷயம். அந்த வண்டி யார் மீதாவது மோதினால் இழப்பீட்டு வழக்கில் உங்கள் பெயரும் வரும். கை மாறினாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், பொறுப்பும் அவருடையது என்று நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்தது.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும் 30 நாளுக்குள் வாங்கியவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டத்தின் 50-வது பிரிவு. தாமதமானாலும் பரவாயில்லை, வண்டி கைமாறியதைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐ டெலிவரி நோட், வாங்கியவரின் அடையாள நகல், பணம் வந்த வங்கி விவரத்தோடு ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். உங்கள் ஃபாஸ்டேக் இன்னும் அந்த வண்டியில் இருந்தால் இன்றே மூடிவிடுங்கள்.

வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு வந்துவிடும். பெயர் மாற்றாவிட்டால் சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம்தான் மறுக்கப்படும். நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடையது, அது உங்களுக்கு வராது. வித்தியாசத் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும்.

கே: பழைய வேகன்ஆர். ஹீட் ஆகிறது என்று தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டார் மெக்கானிக். இப்போது மைலேஜ் குறைந்துவிட்டது. சம்பந்தம் உண்டா?

ப: உண்டு. ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் தேவையில்லை’ என்ற பேச்சு இன்னும் பல பட்டறைகளில் ஓடுகிறது. எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுத்து, 80 டிகிரிக்கு மேல் திறந்துவிடுவதுதான் அதன் வேலை. எடுத்துவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை இ.சி.எம். (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), எஞ்சின் குளிர்ந்திருப்பதாக நினைத்துக் கூடுதல் பெட்ரோல் தெளிக்கும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் கசடாகும், ரிங் தேயும். மைலேஜ் போனது இதில் முதல் கட்டம்தான்.

தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கிக்கொண்டால் ஹீட் ஆகும் என்பது உண்மை. அதற்கு மருந்து புதுசு போடுவது. விலை குறைந்த பாகம். மற்ற காரணங்களை வண்டி எப்போது சூடாகிறது என்பதை வைத்தே பிரிக்கலாம். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறினால் ஃபேன்: மோட்டார், ரிலே, ஃபியூஸ், சென்சார். ஏ.சி. போட்டதும் ஃபேன் ஓட வேண்டும், ஓடுகிறதா பாருங்கள். பைபாஸில் வேகமாகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப். போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்த ரேடியேட்டர்கள் இங்கே மிக அதிகம். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டாலும் அழுத்தம் நிற்காமல் கூலண்ட் சீக்கிரம் கொதிக்கும். இது மிக மலிவானது, ஆனால் கடைசியாகத்தான் பார்க்கிறார்கள்.

ஒருமுறை நன்றாக ஹீட் ஆன வண்டி என்றால் ஹெட் கேஸ்கெட்டையும் (எஞ்சின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள சீல்) சோதியுங்கள். எஞ்சின் ஓடும்போது கூலண்ட் ரிசர்வாயரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் கலந்த காபி போல் ஆனாலோ போய்விட்டது என்று அர்த்தம். இல்லையென்றால் புதுத் தெர்மோஸ்டாட், புது மூடி, ரேடியேட்டர் ஃப்ளஷ், பிறகு கூலண்ட். கான்சன்ட்ரேட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி. ரெடி மிக்ஸ் என்றால் எதையும் கலக்க வேண்டாம். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள்.

கே: ஒவ்வொரு கோடைக்கும் ஏ.சி. கேஸ் நிரப்புகிறோம். இது வழக்கமானதுதானா?

ப: இல்லை. வருடம் ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தால் லீக் இருக்கிறது. நைட்ரஜன் அழுத்தமோ யு.வி. டையோ (புற ஊதா விளக்கில் ஒளிரும் சாயம்) போட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்: கண்டென்ஸர், ஓ-ரிங், கம்ப்ரஸர் சீல், கடைசியாக எவாப்பரேட்டர். சரிசெய்த பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் பிடித்து (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி), போனட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் அளவுக்கே நிரப்ப வேண்டும். கேஜைப் பார்த்து உத்தேசமாக ஏற்றினால் அதிகமாகிவிடும். கேஸ் அதிகமானாலும் கூலிங் வராது. இதற்கெல்லாம் முன், கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள்.

கே: பி.எஸ்.6 டீசல் கார் நல்ல விலைக்கு வருகிறது. தினமும் ஆபீஸுக்கு 8 கி.மீ. மட்டுமே ஓட்டுவேன்.

ப: வேண்டாம், பெட்ரோல் பாருங்கள். டி.பி.எஃப். (டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) சேர்த்துவைக்கும் கரியை எரிக்க எஞ்சின் நன்றாகச் சூடாகி, தொடர்ந்து இருபது நிமிடமாவது சீரான வேகத்தில் ஓட வேண்டும். உங்கள் ஓட்டத்தில் அந்த எரிப்பு பாதியிலேயே நின்று நின்று, எஞ்சின் ஆயிலில் டீசல் கலக்கும். ஆயில் மட்டம் தானாக ஏறும். டி.பி.எஃப். அடைத்துவிட்டால் மாற்றும் செலவில் நீங்கள் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

கே: வாங்கப் போகும் காரில் எல்.பி.ஜி. கிட் இருக்கிறது, ஆர்.சி.யில் இல்லை.

ப: ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்றிக் கொடுத்தால் வாங்குங்கள். இல்லையென்றால் கிட்டைக் கழற்றிவிட்டு, அதன் விலையையும் கழித்துக்கொண்டு வாங்குங்கள்.