காமம் வீடுபேற்றுக்குத் தடையா?

இல்லற இன்பத்தில் இருப்பவருக்கு வீடுபேறு கிட்டாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கையும் உறுதிப்பொருள்களாக வைத்த மரபு நம்முடையது. கீதையின் 3ஆம் அத்தியாயத்தில் காமத்தைப் பகைவன் என்று சொல்லும் கண்ணனே, 7ஆம் அத்தியாயத்தில் அறத்துக்கு மாறுபடாத காமம் தானே என்கிறான். ஆகவே விலக்கச் சொல்வது அறிவை மறைக்கும் பற்றைத்தான் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். துறவையே மேலாகக் கொள்ளும் மரபும் உண்டு.

மதுரைக்காரர்களுக்கு இது கண்ணெதிரே நடப்பது. மீனாட்சியம்மன் கோயிலில் இரவுதோறும் சொக்கநாதரின் பாதுகைகள் பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும்போது, வீடுபேறு அருளும் இறைவனையே கணவனாகக் கண்டு கைகூப்புகிறோம். பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகரோ, தில்லைக் கூத்தனைப் போற்றும் திருக்கோவையாரின் 400 பாடல்களையும் தலைவன் தலைவி காதலாகவே பாடினார். அந்தத் தவிப்பைச் சைவர்கள் உயிருக்கும் சிவத்துக்கும் இடையிலான அன்பாகவும் வாசிக்கிறார்கள்.