தலைவலிக்குச் சீன வைத்தியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாதம் நாலைந்து தடவை ஒற்றைத் தலைவலி வருகிறது. அக்குபஞ்சர் செய்தால் நிற்குமா?

அடியோடு நிறுத்திவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் வருவது குறையலாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் காக்ரேன் அமைப்பு 2016இல் 22 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு அக்குபஞ்சரும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்குத் தலைவலி பாதிக்குப் பாதி குறைந்தது. எடுக்காதவர்களில் 17 பேருக்குத்தான். போலி ஊசி (நிஜ சிகிச்சை போலத் தெரியும் பாசாங்குச் சிகிச்சை) எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் சின்னதாகிவிடுகிறது, அதையும் மறைக்கக்கூடாது. என்னைக் கேட்டால், சில வாரம் முயன்று பார்க்கலாம். தலைவலி வந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஊசி பாக்கெட்டை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தினால் வலி போகுமாமே?

'ஹெகு' என்று சீனர்கள் சொல்லும் புள்ளி அது. ஓரிரு நிமிடம் அழுத்திப் பாருங்கள், காசா பணமா! கர்ப்பிணிகள் மட்டும் வேண்டாம். சீன வைத்தியர்களே அப்போது அந்தப் புள்ளியைத் தவிர்ப்பார்கள்.

கேள்வி: சீன மருந்துக் கடையில் தலைவலிப் பொடி கொடுத்தார்கள். மூலிகைதானே, பயமில்லையே?

இங்கேதான் எனக்குக் கவலை. 'சுவான்சியோங் சாதியாவ் சான்' என்ற தலைவலிப் பொடி, சீனாவை ஆண்ட சோங் அரசர்கள் காலத்து மருந்து. தேநீரில் கலந்து குடிப்பார்கள். அதில் சேரும் 'சிசின்' என்ற மூலிகையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. அங்கே கலந்தது வேறு மூலிகை, ஆனால் கெடுத்தது இதே அமிலம். அதனால் பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். சிசின் இருந்தால் வேண்டாம். எழுதித்தர மறுத்தால் அந்தக் கடையே வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்தப் பொடியையும் தொடாதீர்கள்.

கேள்வி: கோடாலித் தைலம் தினமும் தேய்க்கலாமா?

நெற்றிப்பொட்டில் லேசாகத் தடவலாம். கண்ணில் படக்கூடாது, கைக்குழந்தைக்குக் கூடவே கூடாது. ஆனால் தினமும் தேவைப்படுகிறது என்றால் காரணத்தைத் தேடுங்கள். பாராசிட்டமால் போன்ற வலி மாத்திரையை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ போட்டுவந்தால், அதுவே தலைவலியைக் கிளப்பும்.

கேள்வி: எப்போது நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

இடி விழுந்த மாதிரி திடீரென்று வந்தால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், கைகால் மரத்தால், பேச்சு குழறினால் உடனே போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலி தொடங்கினாலும் முதலில் டாக்டர், அப்புறம்தான் ஊசி.