"அம்மா, நான் புழுவா?"

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் கையில் ஒரு கதைப் புத்தகம் இருக்கும். போன மாதம் ஒரு வளைகாப்பில் அவளுடைய அத்தை எல்லார் முன்னாலும், "இது சரியான புத்தகப் புழு" என்று சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நான் புழுவா? புத்தகம் பிடிச்சவங்களுக்குத் தமிழ்ல நல்ல வார்த்தையே இல்லையா?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை. – ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: தோழி, அத்தை மனம் நோகச் சொல்லியிருக்க மாட்டார். அந்தச் சொல்லில் கேலியும் செல்லமும் கலந்தேதான் இருக்கிறது. ஆனால் 12 வயதில், சுற்றிலும் பத்துப் பேர் சிரிக்கும்போது செல்லம் காதில் ஏறாது. அவள் கேட்டது நியாயமான கேள்வி.

முதலில் புழு விஷயம். 'புக்வோர்ம்' என்ற ஆங்கிலச் சொல்லை நாம் அப்படியே தமிழாக்கி வைத்துக்கொண்டோம், அங்கேயும் தொடக்கத்தில் அது ஏளனச் சொல்தான். இந்தியில் 'கிதாபி கீடா', அதுவும் புத்தகப் பூச்சியே. பிரெஞ்சுக்காரர்களுக்கு நூலக எலி, ஜெர்மன்காரர்களுக்கு வாசிப்பு எலி, இந்தோனேசியாவில் புத்தகப் பேன். டென்மார்க்கிலோ வாசிப்புக் குதிரை என்கிறார்கள், இதை அவளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது நிஜப் புழுவுக்கு வருவோம். ஏட்டையும் புத்தகத்தையும் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரை துளைத்துவிடுகிற பூச்சிக்கு நம் ஊரில் ராமபாணம் என்று பெயர். அந்த ராமபாணமும் கரையானும் தின்றது போக மிஞ்சிய ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்தவர் உ.வே.சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார், அதற்குப் பிறகும் தேடுவதை விடவில்லை. விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் சேர்த்துவைத்துவிட்டு 1992இல் மறைந்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகமாக இருக்கின்றன. புழுவிடமிருந்து புத்தகத்தைக் காப்பாற்றிய இவர்களைப் போய் யாராவது புழு என்பார்களா? உங்கள் மகள் இந்தப் பக்கத்து ஆள், புழுவின் பக்கம் இல்லை.

சரி, வேறு சொல்? 'நூலார்வலர்' சரியான சொல்தான், ஆனால் அழைப்பிதழில் அச்சடித்த மாதிரி இருக்கிறது, ஒரு சின்னப் பெண்ணை அப்படிக் கூப்பிட வாய் வராது. 'படிப்பாளி' என்றால் உடனே மார்க் எவ்வளவு என்று கேட்பார்கள். 'புத்தகப் பைத்தியம்' சிநேகிதிகளுக்குள் சரி, மற்றவர்கள் சொன்னால் வலிக்கும். 'புத்தகப் பித்து' எனக்குப் பிடிக்கும், பித்து என்பதை நாம் பக்திக்கும் சொல்கிறோம் இல்லையா? ஆனால் என்னைக் கேட்டால் 'வாசகி'தான். பத்திரிகைகளில் பெரியவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையான சொல், அது 12 வயதிலேயே தனக்குக் கிடைப்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும். எதுவானாலும் அவளே தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் அத்தை. நாத்தனார் உறவில் சின்னச் சொல்கூடப் பெரிதாகிவிடும், அதனால் கூட்டத்தில் வேண்டாம், தனியாகப் போனில் பேசுங்கள். "அண்ணி, அன்னைக்கு நீங்க புழுன்னு சொன்னது குழந்தை மனசுல தங்கிடுச்சு, இனிமே வாசகின்னு கூப்பிடுங்களேன்" என்றால் போதும், விளக்கம் தேவையில்லை. அடுத்த பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டால், மகளையே போனில் பேசச் சொல்லுங்கள். புத்தகத்தின் பெயரை அவளே சொல்லட்டும்.