மலைப் பிள்ளைகளும் செட்டிநாட்டு வெயிலும்: சைக்கிள் முகாமுக்கு முன் சில கணக்குகள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சைக்கிள் பந்தயத்தில் ஆர்வமுள்ள 11 பிள்ளைகளை ஏப்ரல் கடைசியில் காரைக்குடிக்கு அழைத்துவந்து 10 நாள் முகாம் நடத்த எண்ணம். வயது 13 முதல் 16 வரை. 4 பேர் பெண் பிள்ளைகள். சமதளமும் வெயிலும் பழகட்டும் என்பதுதான் நோக்கம். தினமும் 80 கிலோமீட்டர் ஓட்டவைக்கலாமா? தண்ணீர் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: நோக்கம் சரி. 80 என்ற எண்தான் இடிக்கிறது, அதுவும் முதல் நாளிலிருந்தே என்றால்.

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரைக்குடி 100 மீட்டரைக்கூடத் தொடாது. மேலிருந்து வரும் பிள்ளைக்கு இங்கே மூச்சு தாராளமாகக் கிடைக்கும், ஏற்றமும் இல்லை. முதல் நாள் காலையில் கால் பறக்கும். “சார், இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகலாமா?” என்று கேட்பார்கள். அந்தப் பேச்சை நம்பிவிடாதீர்கள். நுரையீரலுக்குக் கிடைத்த சௌகரியம் தோலுக்குத் தெரியாது.

வெயிலுக்கு உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூட வேண்டும், வியர்வை சீக்கிரமே சுரக்க வேண்டும், அதில் வெளியேறும் உப்பு குறைய வேண்டும். இவை நடந்த பிறகுதான் அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்கும். ஆகவே முதல் நான்கு நாளைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் இரண்டு நாள் குன்றக்குடி வரை போய்த் திரும்பினால் போதும். சுமார் 20 கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். அடுத்த இரண்டு நாள் பிள்ளையார்பட்டி வரை நீட்டலாம். ஐந்தாம் நாள் ஓய்வு. அதன் பிறகு 40, 50, 60 என்று ஏற்றுங்கள். 80 கிலோமீட்டர் முகாம் முழுவதற்கும் ஒரே ஒரு முறை, ஒன்பதாம் நாள், அதுவும் 15, 16 வயதுக்காரர்களில் தேறியவர்களுக்கு மட்டும்.

நேரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. விடியற்காலைக் குளிர்ச்சியில் மட்டும் ஓட்டிவிட்டு வீடு திரும்பினால் கிலோமீட்டர் சேரும், வெயில் பழகாது. எனவே முடிக்கும் நேரத்தை 8.30 என்று நிலையாக வைத்துக்கொண்டு, புறப்படும் நேரத்தை முன்னே இழுங்கள். முதல் நாள் 7.30க்குக் கிளம்பலாம், தூரம் கூடும் நாள்களில் வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். எந்த நாளானாலும் கடைசி அரை மணி நேரம் இளவெயிலில் அமையும். 8.30க்கு மேல் சாலையில் ஒரு பிள்ளைகூட இருக்கக் கூடாது.

இனி தண்ணீர். எல்லோருக்கும் பொதுவாக இத்தனை லிட்டர் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஓர் எடைக்கருவி வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டுவதற்கு முன்னும், வந்து வியர்வையைத் துடைத்த பின்னும் எடை பாருங்கள். 42 கிலோ இருந்த பிள்ளை 41.4 கிலோவாகத் திரும்புகிறது, வழியில் அரை லிட்டர் குடித்திருக்கிறது என்றால், இழந்த வியர்வை சுமார் 1.1 லிட்டர். எடைக் குறைவு 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு அது 840 கிராம். மூன்று நாள் எழுதிவைத்தால் யாருக்கு எவ்வளவு என்று நோட்டே சொல்லிவிடும். போனதைவிட எடை கூடித் திரும்பினால் அதுவும் தவறுதான். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், அது ஆபத்து. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் நாளில் ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் ஓ.ஆர்.எஸ். கரைசல். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். மோரை வீடு திரும்பிய பிறகு கொடுங்கள், வெயிலில் பாட்டிலுக்குள் அது புளித்துவிடும்.

கொடுப்பது ஒன்று, குடிப்பது வேறு. சில வருடங்களுக்கு முன் நான் நடத்திய முகாமில் திருமயம் கோட்டை அருகே ஒரு பையன் வெளிறிப்போய் இறங்கி நின்றான். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தால், ஊற்றிக்கொடுத்தபடியே முழுசாக இருந்தது. “ஏன்டா குடிக்கவில்லை?” என்றால் தலையைக் குனிந்துகொண்டான். கூட்டத்தின் நடுவே ஹேண்டிலிலிருந்து ஒரு கையை எடுக்க அவனுக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கம். அன்றிலிருந்து என் முகாமில் முதல் பாடம் மைதானத்தில்தான் நடக்கிறது: ஒரு கையால் ஓட்டு, பாட்டிலை எடு, ஒரு மிடறு குடி, சாலையைப் பார்த்தபடியே திருப்பி வை. பத்து முறை தடுமாறாமல் செய்த பிள்ளைதான் சாலைக்கு வரலாம்.

பெண் பிள்ளைகள் குடிக்காமல் இருப்பதற்குக் காரணம் வேறு. வழியில் கழிப்பறை இருக்காது என்ற கவலையில் முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். எந்த ஆண் பயிற்சியாளரிடமும் இதைச் சொல்ல மாட்டார்கள். கூடவே ஓர் ஆசிரியை வர வேண்டும். வழித்தடத்தைக் கழிப்பறைகளை வைத்தே வரையுங்கள். எந்தப் பெட்ரோல் பங்கில் சுத்தமாக இருக்கிறது என்று முதல் நாளே நேரில் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

ஓட்டும் முறைக்கு வருகிறேன். மலைப் பிள்ளை ஏறும்போது மிதிக்கும், இறங்கும்போது உட்கார்ந்திருக்கும். சமதளத்தில் அந்த இடைவேளை கிடையாது. ஆகவே கனமான கியரைப் போட்டு அழுத்தி அழுத்தி மிதிப்பார்கள், நான்காம் நாள் முழங்கால் வலி என்பார்கள். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடி எண்ணச் சொல்லுங்கள். 22க்குக் குறையக் கூடாது. நிமிடத்துக்கு 88 சுற்று. சர்வதேசச் சைக்கிள் சம்மேளனம் 17, 18 வயது ஜூனியர்களுக்கே 2022 வரை கட்டுப்பாடு வைத்திருந்தது: பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் 7.93 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. 2023இல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்காக 13 வயதுக் காலில் கனமான கியரைக் கட்ட வேண்டாம்.

சாலை ஓரத்தில் ஒதுங்காதீர்கள். மண்ணில் கிடக்கும் சீமைக்கருவேல முள் டயரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும், வெளியே அடையாளமே தெரியாது. ட்யூபை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடி பஞ்சர். டயரின் உட்புறத்தைப் பஞ்சால் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். விரலால் தடவினால் விரல் கிழியும். இதை எல்லாப் பிள்ளைகளும் நிழலில் நின்று செய்யப் பழக வேண்டும்.

தங்குவதற்கு ஏ.சி. அறைதான் வேண்டும் என்பதில்லை. ஏ.சி.யில் ஓய்வெடுத்தாலும் காலையில் பழகியது போய்விடாது. வளவும் (நடு முற்றப் பகுதி) ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் உள்ள பழைய வீடு கிடைத்தால் நல்லது. பகல் முழுக்க அந்தத் தரையில் பாயை விரித்துப் படுக்கவிடுங்கள். சாப்பாட்டில் ஒன்றே ஒன்று: ஊர் பெயர் சொல்லும் காரக் குழம்பெல்லாம் கடைசி நாளுக்கு.

கூடவே வரும் வண்டியில் இரண்டு 20 லிட்டர் கேன் தண்ணீர், ஐஸ் பெட்டி, நான்கு துண்டு இருக்க வேண்டும். தலைவலி, குமட்டல், வெயிலிலும் மயிர்க்கூச்சு என்றால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் முடிந்தது. பேச்சு குழறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ அது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). வியர்வை வழிகிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். நிழலில் கிடத்தி, ஹெல்மெட்டையும் சட்டையையும் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்து வரை அதற்குள் இறக்குங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும், ஆனால் ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. நினைவு தெளியாத வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம்.

தேதியை மாற்ற முடியுமானால் பொங்கல் விடுமுறையை யோசித்துப் பாருங்கள். வெயில் இதமாக இருக்கும், உங்கள் ஊர்க் குளிருக்கு அதுவே கோடைதான். மூன்று, நான்கு நாளில் பழகிவிடுவார்கள். ஆனால் தை 3ஆம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அந்தச் சாலைப் பக்கமே போக வேண்டாம். தைப்பூசத்துக்கு முன்னால் குன்றக்குடிச் சாலை முழுக்கப் பழனிக்குக் காவடியோடு நடப்பவர்கள் இருப்பார்கள். அந்த நாள்களில் பிள்ளைகளைக் கானாடுகாத்தான் பக்கத்து உள்சாலைகளுக்குத் திருப்பிவிடுங்கள்.